மழை இரவின் மணியோசையை வரைந்தவர்

டிசம்பர் மாதத்துக் குளிர் இரவு. வெளியே மழை கொட்டுகிறது. தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. அந்த இருட்டில் தேவாலயத்து மணி அடிக்கத் தொடங்குகிறது. டாண், டாண் என்று ஓசை எழுந்து ஊர் முழுவதும் பரவுகிறது. படுக்கையில் கிடக்கும் ஒரு சின்னப் பையன் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொள்கிறான். அவனுக்குப் பயம்!

அந்தப் பயத்தைப் படமாக வரைய முடியுமா? வீட்டை வரையலாம். மரத்தை வரையலாம். மணியின் ஓசையை எப்படி வரைவது?

வரைந்து காட்டினார் ஒருவர். அந்தப் படத்தில் தேவாலயத்தின் கோபுரம் கல்லால் கட்டியதுபோல் இல்லை. கொடிய பறவை ஒன்று தலையை நீட்டிக்கொண்டு நிற்பதுபோல் இருக்கிறது. கோபுரத்திலிருந்து கறுப்புச் சுருள்கள் கிளம்பி வானமெல்லாம் நெளிகின்றன. கீழே உள்ள வீடுகளின் சன்னல்கள் மிரண்ட கண்களைப்போல் விழிக்கின்றன. ஒரு சன்னலில் மெழுகுவத்தி எரிகிறது. பயந்த பிள்ளைக்கு அது ஓர் ஆறுதல்.

படத்தை வரைந்தவர் சார்லஸ் பர்ச்பீல்டு. அமெரிக்காவின் தலைசிறந்த நீர்வர்ண ஓவியர்களில் ஒருவர். முதலாவது உலகப் போரில் பட்டாளத்துச் சீருடை அணிந்தவர். கணக்கு எழுதியும், சுவரில் ஒட்டும் காகிதத்துக்குப் பூப்போட்டும் பிழைத்தவர். ஐந்து பிள்ளைகளின் தகப்பனார்.

தையற்காரர் மகன்

அமெரிக்காவில் ஒகையோ என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அதன் வடக்கு எல்லையில் ஈரி என்ற பெரிய ஏரி. அந்த ஏரிக்கரைத் துறைமுகமான ஆஷ்டபூலாவில் 1893-ம் ஆண்டு ஏப்ரல் 9-ந் தேதி சார்லஸ் பிறந்தான். தகப்பனார் வில்லியம் தையற்காரர். தாயார் பெயர் ஆலிஸ். ஆறு குழந்தைகளில் சார்லஸ் ஐந்தாவது.

1898-ல் தகப்பனார் இறந்துபோனார். சார்லசுக்கு அப்போது சுமார் ஐந்து வயது. ஆறு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஆலிஸ் தன் பிறந்த வீட்டார் இருந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தாள். அந்த ஊரின் பெயர் சேலம்!

நம் சேலம் அல்ல. ஒகையோ மாநிலத்திலும் ஒரு சேலம் உண்டு. பெயர்தான் ஒன்று, மற்றபடி ஒரு சம்பந்தமும் இல்லை. இந்தச் சேலத்தில் குளிர்காலம் வந்தால் பனி பெய்து தெருவெல்லாம் வெள்ளையாகிவிடும்.

ஊரைச் சுற்றிலும் காடு, ஓடை, பள்ளத்தாக்கு. பள்ளிக்கூடம் விட்டால் சார்லஸ் அங்கேதான் இருப்பான். எந்த மரத்தில் எப்போது துளிர் விடும், எந்த ஓடைக்கரையில் எந்தப் பூ பூக்கும் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். பையிலே வர்ணப்பெட்டி. கண்ட பூவையெல்லாம் தாளில் ஏற்றுவான்.

படம் வரைகிற பிள்ளை பாடத்தில் கோட்டை விடும் என்று சொல்வார்கள். சார்லஸ் அப்படி இல்லை. 1911-ல் உயர்நிலைப் பள்ளியில் முதல் மாணவனாகத் தேறினான்.

ஆனால் மேலே படிக்கப் பணம் வேண்டுமே! உலோகச் சாமான்கள் செய்யும் உள்ளூர்த் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான். சம்பளத்தில் மிச்சம் பிடித்தான். 1912-ல் கிளீவ்லாந்து நகரத்து ஓவியப் பள்ளியில் சேர்ந்தான். நான்கு ஆண்டுகள் படித்தான்.

கிளீவ்லாந்தில் சீன நாட்டுச் சுருள் ஓவியங்களைப் பார்த்தது அவனுக்கு ஒரு புது உலகத்தைக் காட்டியது. நீளமான தாளில் மலை, ஆறு, மேகம் என்று காட்சி ஓடிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்ததும் ஒரு யோசனை தோன்றியது. காலை முதல் மாலை வரை ஒரே நாளில் வானமும் வெயிலும் மாறுவதை அதேபோல் வரிசையாக வரைந்தால் என்ன? வரைந்து பார்த்தான்.

ஒரே நாள் படிப்பு

1916-ல் படிப்பு முடிந்தது. நியூயார்க்கில் உள்ள பெரிய ஓவியக் கழகத்தில் மேற்கொண்டு படிக்க உதவிப்பணம் கிடைத்தது. எத்தனையோ இளைஞர்கள் ஏங்கும் இடம். 23 வயது சார்லஸ் மூட்டை கட்டிக்கொண்டு நியூயார்க் போனார்.

ஒரே ஒரு நாள் வகுப்புக்குப் போனார். ஓர் ஆளை நிற்கவைத்து, அவரைப் பார்த்து எல்லாரும் வரைய வேண்டும். அதுதான் பாடம். மறுநாள் அவர் அந்தப் பக்கமே போகவில்லை!

கையில் காசு கரைந்தது. அந்தப் பெரிய பட்டணம் அவருக்குப் பிடிக்கவில்லை. புத்தகக் கடை நடத்திய ஓர் அம்மையார் மட்டும் அவருடைய படங்களைப் பார்த்து மெச்சி, தன் கடையிலேயே காட்சிக்கு வைத்தார். அது ஒன்றுதான் லாபம். நவம்பர் மாதத்தில் சார்லஸ் சேலத்துக்கே திரும்பிவிட்டார். பழைய தொழிற்சாலையில் மறுபடியும் கணக்கு வேலை.

உதவிப்பணத்தை உதறிவிட்டு வந்த பிள்ளையைப் பற்றி ஊரார் என்ன பேசியிருப்பார்கள் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

பொன்னான ஆண்டு

ஆனால் அடுத்து வந்த 1917-ம் ஆண்டுதான் அவர் வாழ்க்கையிலேயே சிறந்த ஆண்டு. பிற்காலத்தில் அவரே அதைப் பொன்னான ஆண்டு என்று குறிப்பிடுவார்.

பகலெல்லாம் கணக்கு. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் படம். மாலையில் படம். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் படம். காட்டில் கால்போன போக்கில் நடப்பார். ஓரிடத்தில் உட்கார்ந்து வரைவார். வீட்டுச் சன்னல் வழியே தெரிவதை வரைவார். பிள்ளைப் பருவத்தில் எதைக் கண்டு மகிழ்ந்தார், எதைக் கண்டு நடுங்கினார் என்று நினைத்து நினைத்து வரைவார்.

கோடை காலத்துப் பிற்பகல். மரங்களில் பூச்சிகள் இரைகின்றன. அந்த இரைச்சலை வளைந்தும் நெளிந்தும் ஓடும் கோடுகளாகத் தாளில் போட்டார். அந்தப் படத்துக்குப் 'பூச்சிகளின் கூட்டுப்பாட்டு' என்று பெயர். சாலையோரத்துத் தந்திக் கம்பிகள் காற்றில் முனகுவதையும் வரைந்தார். மழை இரவின் மணியோசையும் இந்த ஆண்டு டிசம்பரில் வரைந்ததுதான்.

இதற்காக ஒரு தனி நோட்டுப் புத்தகமே வைத்திருந்தார். பயத்துக்கு ஒரு வடிவம். துயரத்துக்கு ஒரு வடிவம். கெட்ட எண்ணத்துக்கு ஒரு வடிவம். புத்தி பேதலிப்புக்கு ஒரு வடிவம். எழுத்து கற்கும் குழந்தைக்கு அரிச்சுவடி இருப்பதுபோல் மனத்தின் உணர்ச்சிகளுக்கு அவர் எழுதிய அரிச்சுவடி அது. கொக்கிபோல் வளைந்த சுருள் வந்தால் பயம் என்று பொருள். மணிக்கூண்டுப் படத்தில் சுற்றிச் சுற்றி வருவது அந்தச் சுருள்தான்.

அப்போது அவருக்கு வயது 24. படங்களை வாங்குவார் இல்லை.

பட்டாளத்துக்கு அழைப்பு

ஐரோப்பாவில் 1914 முதல் பெரும் போர் நடந்துகொண்டிருந்தது. 1917 ஏப்ரலில் அமெரிக்காவும் அதில் இறங்கியது. வாலிபர்களுக்குக் கட்டாய ராணுவ சேவை வந்தது. 1918 ஜூலையில் சார்லசுக்கும் அழைப்பு வந்தது. கணக்குப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத் தெற்கே போனார். தென் கரோலினா மாநிலத்தில் உள்ள ஜாக்சன் முகாமில் பீரங்கிப் படையில் சேர்த்துக்கொண்டார்கள்.

காட்டில் தனியே திரிந்தவருக்கு முகாம் வாழ்க்கை எப்படி இருக்கும்! எழுந்திருக்க ஓர் ஊதல், சாப்பிட ஓர் ஊதல், படுக்க ஓர் ஊதல். ஆனால் ராணுவத்திலும் அவர் தூரிகைக்கு வேலை இருந்தது. அவரை மறைப்புப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

மறைப்புப் பிரிவு என்றால் என்ன? அந்தப் போரில்தான் ஆகாய விமானங்கள் முதன்முதலாகப் பெருமளவில் பறந்தன. மேலேயிருந்து பார்க்கும் எதிரிக்குப் பீரங்கி எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் அவ்வளவுதான். அடுத்த நிமிஷம் குண்டு விழும். அதனால் பீரங்கியையும் டாங்கியையும் மண்ணோடு மண்ணாக, புதரோடு புதராகத் தெரியும்படி வர்ணம் பூசி மறைக்க வேண்டும். பொய்யாக ஒரு குன்று செய்து அதற்குள் ஒளித்துவைப்பதும் உண்டு. இதற்கு ஓவியர்கள் தேவைப்பட்டார்கள்.

மண்ணும் புதரும் எந்த வெளிச்சத்தில் எந்த நிறத்தில் இருக்கும் என்பது சார்லசுக்குத் தெரியாததா? தம் படங்களில் வரைந்த வடிவங்களையே இந்த வேலைக்கும் கொண்டுவந்தார். சார்ஜெண்டாகவும் உயர்ந்தார்.

கப்பலேறிப் போர்முனைக்குப் போகும் முன்பே, 1918 நவம்பர் 11-ந் தேதி போர் நின்றுவிட்டது. 1919 ஜனவரியில் நற்சான்றுடன் விடுதலை பெற்று ஊர் திரும்பினார். பட்டாளத்தில் இருந்தது ஆறு மாதம்தான்.

ஆனால் திரும்பி வந்தவர் போனவராக இல்லை. அதே காடு, அதே ஓடை, அதே சன்னல். பழைய உற்சாகத்தைக் காணோம். பூச்சிகள் இரைந்தன; அவர் தாளில் அந்தச் சங்கீதம் இறங்கவில்லை. சரிந்த வீடுகளையும் இருண்ட தெருக்களையும் வரைந்தார். பொன்னான ஆண்டு திரும்பி வரவே வராதோ என்ற கவலை அவரைப் பிடித்துக்கொண்டது.

சுவருக்குப் பூப்போட்டார்

1921-ல் நியூயார்க் மாநிலத்தில் உள்ள பபலோ நகருக்குப் போனார். அங்கே சுவர்க்காகிதம் செய்யும் கம்பெனி ஒன்று அவருக்கு வேலை கொடுத்தது. நம் வீடுகளில் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம். அந்த நாட்டில் பூவும் கொடியும் அச்சடித்த காகிதத்தைச் சுவரில் ஒட்டுவார்கள். அந்தக் காகிதத்துக்கு மாதிரி வரைவதுதான் உத்தியோகம்.

மறுவருடம் மே மாதம் பெர்த்தா என்ற பெண்ணை மணந்தார். விவசாயக் குடும்பத்துப் பெண். குழந்தைகள் அடுத்தடுத்துப் பிறந்தன. முதலில் நான்கு பெண்கள், பிறகு ஒரு பையன். 1925-ல் நகரத்தை விட்டுச் சற்றுத் தள்ளி, கார்டன்வில் என்ற சிற்றூரில் குடியேறினார்கள். சாகும் வரையில் அதுவே அவருடைய ஊர்.

காகிதக் கம்பெனியில் மாதிரி வரையும் பகுதிக்கே தலைவரானார். சம்பளம் ஒழுங்காக வந்தது. குடும்பம் நடந்தது. படம்? இரவிலும் விடுமுறை நாளிலும் மிச்ச நேரத்தில் வரைந்தார். பபலோவின் இரும்புப் பாலங்கள், ரெயில் தண்டவாளங்கள், புகைபிடித்த வீடுகள், மழையில் நனைந்த தெருக்கள் இவைதான் இப்போது படத்தில் வந்தன. அவற்றைப் பார்த்து நியூயார்க்கில் சிலர் பாராட்டினார்கள். எட்வர்டு ஹாப்பர் என்ற பெரிய ஓவியர் 1928-ல் இவரைப் புகழ்ந்து ஒரு கட்டுரையே எழுதினார்.

பாராட்டு வந்தது சரி. வயிற்றுக்கு? சொந்தப் படத்தை நம்பிப் பிழைக்க முடியுமா என்ற கேள்வி அவரை விடவில்லை. பிழைக்க முடியாவிட்டால் ஐந்து குழந்தைகள் பட்டினி. பிழைக்கலாம் என்று தெரிந்தும் காகிதத்துக்கே பூப்போட்டுக்கொண்டிருந்தால் உள்ளே இருக்கும் ஓவியன் பட்டினி.

1929 ஆகஸ்டில் வேலையை ராஜினாமா செய்தார். நியூயார்க்கில் பிராங்க் ரென் என்ற ஓவிய வியாபாரி அவருடைய படங்களை விற்றுத் தர முன்வந்திருந்தார். அதுதான் தைரியம்.

இரண்டு மாதம்கூட நிம்மதியாகக் கழியவில்லை. அக்டோபரில் நியூயார்க் பங்கு மார்க்கெட் விழுந்தது! கோடீசுவரர்கள் ஒரே நாளில் ஓட்டாண்டியானார்கள். அமெரிக்கா முழுவதும் வேலையில்லாத் திண்டாட்டம். சோற்றுக்கே வழியில்லாத நாளில் படம் வாங்குவது யார்?

ஆனாலும் பர்ச்பீல்டு பழைய வேலையைத் தேடி ஓடவில்லை. பெர்த்தாவும் அவரை ஓடச் சொல்லவில்லை. படங்கள் ஒன்றிரண்டாக விற்றன. குடும்பம் எப்படியோ நடந்தது. இங்கே அந்த அம்மாளுக்கும் ஒரு பங்கு புகழ் சேர வேண்டும்.

யாரும் வாங்காத படங்கள்

1930-ல் ஓர் அதிசயம் நடந்தது. நியூயார்க்கில் புதிதாகத் திறந்திருந்த நவீனக் கலைக் காட்சிசாலை, தனி ஒருவரின் படங்களுக்கென்று முதன்முதலாக ஒரு காட்சி நடத்தியது. அந்த ஒருவர் பர்ச்பீல்டு! காட்சியில் வைத்தவை எந்தப் படங்கள்? பாலமும் தண்டவாளமும் அல்ல. 1916 முதல் 1918 வரை, சேலத்துக் கணக்கப்பிள்ளையாக இருந்தபோது வரைந்த படங்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வருடங்களுக்கு முன் வாங்க ஆளில்லாமல் கிடந்தவை.

அதன்பின் பெயர் பரவியது. 1936-ல் 'லைப்' பத்திரிகை அமெரிக்காவின் பத்துப் பெரிய ஓவியர்களில் ஒருவராக அவரை எண்ணியது. 'பார்ச்சூன்' பத்திரிகைக்காக ரெயில் யார்டுகளையும் நிலக்கரிச் சுரங்கங்களையும் கந்தகச் சுரங்கங்களையும் வரைந்து கொடுத்தார். அமெரிக்கக் கிராமத்து வாழ்க்கையை உள்ளபடி காட்டும் வட்டார ஓவியர் என்று எல்லாரும் சொன்னார்கள். அந்தப் பட்டம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஊரைக் காட்டுவதற்காகவா அவர் வரைந்தார்?

நீர்வர்ணத்தை அவர் கையாண்ட விதமும் தனி. பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் அதே சாதிதான் அந்த வர்ணம். தண்ணீரில் கரைத்துத் தாளில் தொட்டு வைப்பது. எண்ணெய் வர்ணத்துக்கு உள்ள மதிப்பு அதற்கு இல்லை. சின்ன வேலைக்குத்தான் ஆகும் என்பது பலருடைய எண்ணம். வர்ணம் வழிந்துவிடும் என்று மற்றவர்கள் தாளைப் படுக்கவைத்து வரைவார்கள். பர்ச்பீல்டு தாளைப் பலகையில் நேராக நிமிர்த்தி வைத்து, முரட்டுத் தூரிகையால், ஈரம் குறைவாக, ஒன்றன்மேல் ஒன்றாக வர்ணம் ஏற்றினார். ஆள் உயரத்துக்குப் படங்கள் எழுந்தன.

ஐம்பது வயதில்

1943-ல் அவருக்கு ஐம்பது வயது. பெயர் உண்டு, பணமும் ஓரளவு உண்டு. ஆனால் மனத்தில் ஒரு குறை. எத்தனை பாலம் வரைந்தாலும், எத்தனை தெரு வரைந்தாலும், 1917-ல் காட்டில் திரிந்த அந்த இளைஞன் வரைந்ததுபோல் வரவில்லையே!

பழைய பெட்டியைத் திறந்தார். 24 வயதில் வரைந்த சின்னச் சின்னப் படங்களை வெளியே எடுத்தார். சில பாதியில் நின்றவை. அன்றைக்கு எண்ணம் இருந்தது. அதை முழுவதும் கொண்டுவரக் கைத்திறன் போதவில்லை. இன்றைக்குக் கைத்திறன் இருக்கிறது, எண்ணம் வறண்டுவிட்டது. இரண்டையும் சேர்த்தால்?

பழைய படத்தைப் பெரிய அட்டையின் நடுவில் ஒட்டினார். சுற்றிலும் நான்கு பக்கமும் புதிய தாள் துண்டுகளை ஒட்டினார். பழைய படத்திலிருந்த கிளையை வெளியே நீட்டினார். பழைய வானத்தை மேலே உயர்த்தினார். நடுவில் உள்ளதையும் தொட்டுத் திருத்தினார். சின்னப் படம் பெரிய படமாக வளர்ந்தது.

எளிதாக நடந்துவிட்டதென்று நினைக்க வேண்டாம். திருத்தப் போய்க் கெடுத்துவிட்டால் போனது போனதுதான். 1917-ம் ஆண்டை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ஒரு படத்தை எடுப்பார். சில நாள் வேலை செய்வார். வழி தெரியாமல் ஒதுக்கி வைத்துவிடுவார். ஐந்து வருடம் கழித்து மறுபடியும் எடுப்பார். 1917-ல் தொடங்கிய 'வசந்தத்தின் வருகை' 1943-ல் முடிந்தது. 1918-ல் தொடங்கிய 'சூரியனும் பாறைகளும்' 1950-ல் முடிந்தது. 'நான்கு பருவங்கள்' என்ற படத்தில் முன்னால் குளிர்காலம், அதற்கப்பால் அடுத்தடுத்த பருவங்கள் என்று காடு உள்ளே போய்க்கொண்டே இருக்கும். அதை முடிக்கப் பதினோரு வருடம் ஆயிற்று.

காட்டுக்குப் போவதையும் அவர் விடவில்லை. காற்றடித்தாலும் பனி விழுந்தாலும் படப்பலகையைச் சேற்றில் ஊன்றிக்கொண்டு நிற்பார். வீட்டுக்கு வந்ததும் அன்று கண்டதைக் குறிப்பு எழுதுவார். பள்ளி மாணவனாக 1911-ல் தொடங்கிய அந்த வழக்கம் 1966 வரை நிற்கவில்லை. பத்தாயிரம் பக்கங்களுக்கு மேல்! மேகத்தின் நிறம், தவளைச் சத்தம், மனக்கசப்பு, பணக்கவலை எல்லாம் அதில் உண்டு.

வயது ஏற ஏறப் படங்களில் வெளிச்சமும் ஏறியது. உதிரப்போகும் பூவின் பஞ்சு நிலவொளியில் மிதக்கிறது. வெயில் பட்ட மரம் நெருப்பாக எரிகிறது. பூச்சிகள் மறுபடியும் இரைகின்றன.

1960-ல் அமெரிக்கக் கலைக் கழகம் தங்கப் பதக்கம் வழங்கியது. 1966 டிசம்பர் 9-ந் தேதி பபலோ கல்லூரியில் அவர் பெயரால் ஒரு கலை நிலையம் திறந்தார்கள். ஏறக்குறைய ஒரு மாதம். 1967 ஜனவரி 10-ந் தேதி மாரடைப்பால் காலமானார். வயது 73.

கலை நிலையம் பிறகு வளர்ந்து பெரிய காட்சிசாலையாயிற்று. 2008-ல் அதற்குப் புதிய கட்டடம் எழுந்தது. சேலத்தில் அவர் வளர்ந்த வீட்டையும் நினைவு இல்லமாக்கினார்கள். 2009-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தொடங்கி, மறுவருடம் பபலோவிலும் நியூயார்க்கிலும் அவருடைய படங்களைப் பெரிய காட்சியாக வைத்தார்கள். மறைப்புப் பிரிவில் போட்ட மாதிரிகளுக்கும், சம்பளத்துக்காகப் பூப்போட்ட சுவர்க்காகிதத்துக்கும்கூட அந்தக் காட்சியில் இடம் கிடைத்தது.

அவருடைய பெரிய படங்களைத் தள்ளி நின்று பார்த்தால் ஒரே காடு, ஒரே வானம். கிட்டே போய் உற்றுப் பார்ப்பவர்களுக்கு, தாளோடு தாள் ஒட்டிய கோடு மெல்லத் தெரியும். கோட்டுக்கு உள்ளே இருப்பது சேலத்துக் கணக்கப்பிள்ளை வரைந்தது. வெளியே இருப்பது ஐந்து பிள்ளைகளை வளர்த்த பெரியவர் வரைந்தது. அந்தக் கோட்டைத் தாண்டித்தான் மரக்கிளை போகிறது.